மதினி எதிர் கொழுந்தன்

நாற்பத்தொரு வயதில் எனக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கிடைத்த அன்றே என் கணவரிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. வீம்புக்குக் கொடுத்தது.

"முதல் வருசத்துல ஒரு பேப்பர் அரியர் விழுந்தாலும் சரி, புத்தகத்தத் தூக்கி வச்சுட்டு முழுநேரமும் கடைக்கே வந்துருதேன்" என்றேன்.

அவர் லைனிங் துணி அளந்துகொண்டிருந்தார். "சரி" என்றார். கூட ரெண்டு வார்த்தை பேசியிருந்தால் நான் ஒரு சண்டை போட்டு, அந்தச் சாக்கில் வாக்கையும் திரும்ப வாங்கியிருப்பேன். அதற்கெல்லாம் இடம் கொடுக்கிற மனிதர் இல்லை அவர்.

எங்களுடையது மேட்சிங் சென்டர். தி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. புடவையைக் கொண்டுவந்தால் அதற்குத் தோதான ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், பட்டன், நூல் எல்லாம் எடுத்துக் கொடுப்போம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருடமாக இதே கடை, இதே சந்து. நிறம் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நடுவில் நாலு மஞ்சள் இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் வாதாடி, அவர்கள் கேட்ட துணியைக் கொடுக்காமல் சரியான துணியைக் கொடுத்து அனுப்புவேன். "இவ வக்கீலாப் போயிருக்கணும்" என்று எதிர்க் கடைக்காரர் சொல்வார். பாராட்டாகச் சொன்னதில்லை.

ஆனால் நான் சட்டம் படிக்கப் போனதற்குக் காரணம் அவர் இல்லை, வேறொரு வக்கீல். கட்டட உரிமையாளர் எங்களைக் காலி செய்யச் சொல்லி ஆங்கிலத்தில் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனோம். நான் மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். நாலாவது கேள்வி கேட்பதற்குள், "வீட்டம்மாவுக்குக் காபி சொல்லட்டுமா?" என்று அவரிடமே கேட்டார். நோட்டீஸ் விவகாரம் பேசித் தீர்ந்துவிட்டது. அந்தக் காபி மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். காலையில் அடையாறு பக்கம் கல்லூரி, மதியம் இரண்டு மணிக்குக் கடை. முதல் நாள் வகுப்பறை வாசலில் ஒரு பையன், "பேரண்ட்ஸ் எல்லாம் ஆபீஸ் ரூம்ல வெயிட் பண்ணணும் ஆன்ட்டி" என்றான். நான் உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கோபம் இருந்த அளவுக்குப் படிப்பு ஏறவில்லை. நான் தமிழில் எழுதுகிறவள். ஒப்பந்தச் சட்டத்துக்கு நல்ல புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் கிடைத்த கைடில் ஒரு வாக்கியம் இந்தப் பக்கத்தில் தொடங்கினால் அடுத்த பக்கத்தில்தான் முடிந்தது. முடியும்போது எதில் தொடங்கியது என்பது மறந்துபோனது. செல்போனில் பாடம் நடத்தும் வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர் தொண்டை கிழியக் கத்திவிட்டு, கடைசியில் மணியை அமுக்கச் சொன்னார். கேள்வி கேட்கிற ஒரு ஆப் இருந்தது. தப்பாகச் சொன்னால் ஓர் அழுகிற பொம்மையைக் காட்டும். ஒரு வாரம் அந்தப் பொம்மையை அழவிட்டுப் பார்த்துவிட்டு அழித்துப்போட்டேன்.

கைடில் என்னை ரொம்பவும் படுத்தியது உதாரணங்கள்தான். 'அ' தன் குதிரையை 'ஆ'வுக்கு விற்பதாகச் சொல்கிறான். எப்போது பார்த்தாலும் குதிரை. மெரினாவில் சவாரி போகிற குதிரைகளைத் தவிர நான் வேறு குதிரை பார்த்ததில்லை. அவற்றை யாரும் விற்கவும் இல்லை. அந்த எரிச்சலில் ஒரு மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், துணி சுற்றி வருகிற அட்டையைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டினேன். குதிரையை விரட்டிவிட்டு எனக்குத் தெரிந்த ஆட்களைக் கொண்டுவந்தேன்.

முன்பக்கத்தில் தீர்ப்புகளுக்குப் போடுவது போல ஒரு தலைப்பு, கீழே சட்டம் ஒரே வரியில். பின்பக்கத்தில் கதை. 'அவசரக்கார அம்மா எதிர் கண்ணாடிப் பெட்டிப் புடவை' என்று ஒன்று. கடை வாசலில் காட்சிக்கு வைத்திருப்பது 'வந்து பாருங்கள்' என்ற அழைப்புதான், இந்த விலைக்குத் தருகிறேன் என்ற உறுதி ஆகாது. 'லைனிங்காரம்மா எதிர் தையல் மாஸ்டர்' என்று இன்னொன்று. வியாழக்கிழமை ரவிக்கை வேண்டும் என்று அம்மா சொல்கிறார். மாஸ்டர் வாயில் குண்டூசி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். பேசாமல் இருந்ததால் ஒப்புக்கொண்டார் என்று ஆகாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'மதினி எதிர் கொழுந்தன்'. அதில் மதினி நானேதான். என் பழைய ஸ்கூட்டியைக் கொழுந்தனுக்குச் சும்மா தருவதாகச் சொல்லியிருந்தேன். அப்புறம் மனம் வரவில்லை. கைடு இதை 'மறுபயன்' என்கிற சொல்லை வைத்துக்கொண்டு ஆறு பக்கம் விளக்கியது. நான் அட்டையின் முன்பக்கத்தில் எழுதியது இவ்வளவுதான்: 'பதிலுக்கு ஒன்றும் பெறாமல் கொடுத்த வாக்கு செல்லாது.' பின்பக்கத்தில் ஸ்கூட்டி கதையை எழுதி, அடியில் விதிவிலக்கையும் சேர்த்தேன்: 'நெருங்கிய உறவில், பாசத்தால் கொடுத்த வாக்காக இருந்து, அதை எழுதிப் பதிவும் செய்திருந்தால் செல்லும்.' ஸ்கூட்டியை நான் பதிவு செய்து கொடுக்கவில்லை. அதனால் அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அட்டைகளைப் போட்டுவைக்க ஒரு காலிப் பட்டன் டப்பாவை எடுத்துக்கொண்டேன். அதே மாதிரி டப்பாக்கள் கடையில் நாற்பது இருந்தன.

"பட்டன் எடுக்கத் தொறந்தா கேஸ் கெடக்கு. கேஸ் டப்பாவத் தனியா வையி" என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். ஒருமுறை ராயப்பேட்டையிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் ஒரு டஜன் தங்கநிறப் பட்டனோடு கண்ணாடிப் பெட்டிப் புடவை வழக்கையும் சேர்த்து வாங்கிப் போய்விட்டார். இன்னொரு நாள் நான் கடைக்குள் நுழையும்போது என் கணவர் கையில் ஓர் அட்டை இருந்தது.

"இந்தத் தையல் மாஸ்டரு யாரு, நம்ம மாடிக்காரனா?"

"உதாரணம்ங்க. யாரும் இல்ல."

"அவனேதான். அவன்தான் குண்டூசிய வாய்ல வச்சுக்கிட்டு பதிலே சொல்லமாட்டான்." அட்டையைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் சாந்தோம் குப்பத்துப் பெண். இருபத்துமூன்று வயது. அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்கு வந்தவள் அவள்தான். வாரத்தில் இரண்டு நாள் கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, நானும் அவளும் சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து அட்டைகளைக் கலைத்துப்போட்டு மாற்றி மாற்றிக் கேள்வி கேட்போம். தப்பாகச் சொன்னவர் சுண்டல் வாங்க வேண்டும். நான்தான் நிறைய வாங்கினேன்.

உள்தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் கேட்டாள். "யக்கா, இது செம்மயா கீது யக்கா. ஒரு நாளு குடு, ஜெராக்ஸ் எட்துக்கினு குட்த்துடறேன்."

கொடுத்தேன். கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. பழைய கேள்வித்தாள், சீனியர்கள் எழுதிய நோட்ஸ், தேர்வுக்கு முந்தின வாரம் வருகிற கெஸ் பேப்பர் எல்லாம் அங்கே கிடைக்கும். எங்கள் வகுப்பில் நூலகத்துக்கு வழி தெரியாதவர்கள் உண்டு. அந்தக் கடைக்கு வழி தெரியாதவர் ஒருவரும் இல்லை. கடைக்காரர் என் அட்டைகளை ஒரு தாளுக்கு எட்டு வீதம் அடுக்கி நகல் எடுத்திருக்கிறார். நன்றாக இருக்கிறதே என்று தனக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்பைரல் போட்டுக் கொடுத்திருக்கிறார். இது எதுவும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தாளை மிச்சம் பிடிக்க முன்பக்கங்களை மட்டும்தான் எடுத்திருக்கிறார் என்பதும் தெரியாது. தோழி தன் பிரதியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆயிற்றே.

உள்தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்து ஒப்பந்தச் சட்டப் பேராசிரியை விடைத்தாள் கட்டோடு வந்தார். என்னைவிட இரண்டு, மூன்று வயது சின்னவர். அதிகம் சிரிக்கமாட்டார். மேஜையில் கட்டை வைத்து, மேலே இருந்த தாளை எடுத்து வாசித்தார்.

"'மதினி எதிர் கொழுந்தன் என்ற புகழ்பெற்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.'" அடுத்த தாளை எடுத்தார். "'மேற்படி மதினி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு.'" அதற்கடுத்த தாள். "இவர் வருசமே போட்டிருக்கார். சுதந்திரத்துக்கு முன்னாடி. நாப்பது பேர் எழுதியிருக்கீங்க. நான் பன்னெண்டு வருசமா இந்தப் பாடம் எடுக்கறேன், எனக்கு இந்த வழக்கு தெரியல. யார் இந்த மதினி?"

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை மதினி என்போம். சென்னையில் அப்படி யாரும் சொல்வதில்லை, ஏதோ ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்திருப்பார்கள். கொழுந்தனைப் பற்றி நாற்பது பேரில் ஒருவர்கூட ஏன் யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"ஜெராக்ஸ்ல இருந்துச்சு மேடம்" என்றான் பின்பெஞ்சில் ஒருவன். வகுப்பே தலையாட்டியது. அதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும் என்பது போல.

பொய் வழக்கைப் பரப்பினேன் என்று இவர் எழுதிவைத்தால் உள்தேர்வு மதிப்பெண் போகும். அது போனால் பேப்பர் போகும், பேப்பர் போனால் வாக்கு இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் நாற்பது பிள்ளைகள் என் ஸ்கூட்டியை உச்ச நீதிமன்றத்துக்கு ஏற்றிவிட்டு முழித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்றேன்.

"மதினி நான்தான் மேடம்."

அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். பட்டன் டப்பாவைக் கொடுத்தேன். ஓர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். குண்டூசி மாஸ்டரிடம் வந்தபோது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம்.

அப்புறம் முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "சட்டத்துலயே உதாரணம் இருக்கு. நீங்களும் சொந்தமா உதாரணம் எழுதலாம், மார்க் உண்டு. ஆனா அத 'வழக்கு'ன்னு எழுதினா அது பொய். நாளைக்கு ஒரு நீதிபதி முன்னாடி நின்னு இப்படி ஒரு வழக்கச் சொன்னீங்கன்னா உங்க கட்சிக்காரர் கதி என்ன?"

என் விடைத்தாளில் 'உதாரணமாக, எங்கள் கடையில்' என்று ஆரம்பித்திருந்தேன். என் மதிப்பெண் தப்பியது. என் தோழியும் தப்பினாள். நாற்பது பேருக்கு வெட்டு விழுந்தது. அன்று வகுப்பு முடிந்து வெளியே வரும்போது என்னிடம் யாரும் பேசவில்லை. பேராசிரியை மட்டும் என்னை நிறுத்தினார். "பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள அந்த நகல் எல்லாத்தையும் சரிபண்ணிக் குடுங்க. ஆரம்பிச்சது நீங்கதானே?"

ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரு பிடி பிடித்தேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இன்னா மேடம் பண்றது, பின்பக்கம் பூரா கதையா கீதே, பரீச்சைக்கு எதுக்கு இதுன்னு வுட்டுட்டேன்."

நானும் தோழியும் நூலகத்தில் உட்கார்ந்தோம். என் அட்டைக்கு ஒன்றாக உண்மையான வழக்கைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவருடைய ஸ்பைரலிலும் கையால் எழுதினோம். என் தலைப்புகளுக்கு முன்னால் சிவப்பு மையில் 'உதாரணம்' என்று போட்டோம். நாற்பது ஸ்பைரல், ஒவ்வொன்றிலும் அறுபது அட்டை. காலை வகுப்பு போக, மதியம் கடை போக, மூன்று வாரமும் அதிலேயே கரைந்தது. ஒப்பந்தச் சட்டம் எனக்கு ரத்தத்தில் கலந்துவிட்டது. டார்ட்ஸ் எனப்படும் தீங்கியல் பாடத்தைத் தொடவே இல்லை. அதற்கு ஒதுக்கி வைத்திருந்ததும் அதே மூன்று வாரம்தான்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். மனசு கேட்கவில்லை போல. "மேடம், டார்ட்ஸ்க்கு கெஸ் பேப்பர். அஞ்சே கேள்வி. கண்ண மூட்க்கினு படி. நம்ம பேப்பரு இதுவரிக்கும் தப்புனதே இல்ல."

யார் சொல்லியும் கேட்காத நான் அவர் சொன்னதைக் கேட்டேன். ஐந்தையும் உருப்போட்டேன். கேள்வித்தாளில் அந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. நாய் வளர்ப்பவரின் பொறுப்பு பற்றி ஒன்று வந்திருந்தது. எங்கள் தெருமுனை வீட்டு நாயைப் பற்றி இரண்டரைப் பக்கம் உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டு வந்து, என் கணவரிடமும் சொல்லிப் புலம்பினேன்.

முடிவு வந்த அன்று ஆடி மாதத்துக் கூட்டம். கடையில் நிற்க இடமில்லை. ஓர் அம்மாளின் மயில்கழுத்து நிறப் புடவைக்கு நான் லைனிங் தேடிக்கொண்டிருந்தபோது தோழி போன் செய்தாள்.

"யக்கா, கான்ட்ராக்ட்ல நீதான் க்ளாஸ் ஃபர்ஸ்ட்டு."

"டார்ட்ஸு?"

"அது வந்து யக்கா, அட்த்த வாட்டி எய்தினா போச்சு. எத்தினியோ பேருக்குப் புட்டுக்கிச்சு. நீ ஒண்ணும் ஃபீல் பண்ணாத."

நான் மயில்கழுத்துக்குப் பதிலாகக் கிளிப்பச்சையை எடுத்து நீட்டினேன். பதினெட்டு வருடத்தில் நான் தப்பான நிறம் எடுத்தது அது ஒரு தடவைதான். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கூட்டம் குறைந்ததும் பின்னால் போனேன். அலமாரியில் இருந்த புத்தகங்களை, கைடை, நோட்டுகளை எல்லாம் ஒரு கட்டைப்பையில் அடுக்கினேன். அழுகை வந்தது. அதை மறைக்கப் பையை வேகமாகக் கட்டினேன். வெளியே வந்து மீட்டர் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"டார்ட்ஸ் போச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான். நாளையில இருந்து நான் காலையிலயே வந்துருதேன்" என்றேன்.

அவர் கடைசியாக நின்ற ஒரு வாடிக்கையாளருக்கு நூல் கொடுத்து அனுப்பினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பட்டன் டப்பாவை எடுத்தார். நாற்பது டப்பாவில் சரியான டப்பா. உள்ளே தேடக்கூட இல்லை, அட்டை எங்கே இருக்கும் என்று தெரிந்து எடுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"'பதிலுக்கு ஒன்றும் பெறாமல் கொடுத்த வாக்கு செல்லாது.' இது நீ எழுதினதுதான?"

"ஆமா."

"நீ எனக்கு வாக்கு குடுத்த. பதிலுக்கு நான் உனக்கு என்ன குடுத்தேன்?"

நான் மீட்டர் குச்சியை மேஜையில் வைத்தேன்.

"ஒண்ணும் குடுக்கல. 'சரி'ன்னேன். அம்புட்டுதான். அப்பம் செல்லாதுல்லா?"

எனக்குள் இருந்த முதல் மாணவி சும்மா இருக்கவில்லை. "பின்னாடி பாருங்க. நெருங்கின உறவுன்னா செல்லும்."

அவர் அட்டையைத் திருப்பினார். "'எழுதிப் பதிவும் செய்திருந்தால்.' எழுதுனியா?"

"இல்ல."

"பதிவு பண்ணுனியா?"

"இல்ல."

"பெறகென்னளா. போயி அந்த நாய்க் கேள்விய ஒழுங்காப் படி." அட்டையை டப்பாவில் போட்டு மூடினார்.

அவர் வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பது உண்மை இல்லை. முதல் நாளிலிருந்து காலையில் அவர் ஒருவராகவே கடை திறந்தார். நான் ஒரு பார்வையில் சொல்கிற நிறத்தை, புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கும் அலமாரிக்குமாக நாலு நடை நடந்து கண்டுபிடித்தார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதையே நான் பதிலுக்குப் பெற்ற மறுபயன் என்று எடுத்துக்காட்டினால் என் வாக்கு செல்லும், அவர் வழக்கு தோற்கும். எதிர்த்தரப்பு வக்கீல் விழித்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தில்தான் பிடிப்பார்.

நான் பிடிக்கவில்லை. கட்டைப்பையை அவிழ்த்துப் புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். ஒரு புது அட்டையை வெட்டி, முன்பக்கத்தில் 'தெருமுனை வீட்டு நாய்' என்று எழுதி, அதற்கு முன்னால் சிவப்பு மையில் 'உதாரணம்' என்று போட்டேன். மறுநாள் காலை அவர் கடை திறக்கப் போனார், நான் அடையாறு பஸ் ஏறினேன்.